அறுபது பேர், ஏழு நாள்: கிராம முகாமில் குடிநீர், உணவுப் பாதுகாப்புக்கு ஒரு முழு வழிகாட்டி

நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாம் என்றால் 50 மாணவர்கள், இரண்டு மூன்று ஆசிரியர்கள், சமையல்காரர், உதவியாட்கள், வந்துபோகும் விருந்தினர் என்று சோற்றுக் கணக்கு 60 பேருக்கு வந்து நிற்கும். தங்குவது ஊர்ப் பள்ளிக்கூடத்தில். சமையல் வேப்பமரத்தடியிலோ கீற்றுக் கொட்டகையிலோ. குளிர்பதனப் பெட்டி பெரும்பாலும் இருக்காது. மேல்நிலைப் பள்ளிகளின் முகாம்கள் காலாண்டு விடுமுறையை ஒட்டி நடக்கும். வடகிழக்குப் பருவமழை எட்டிப் பார்க்கும் நேரம் அது, தண்ணீர் கலங்கும். பிப்ரவரி, மார்ச்சில் நடக்கும் கல்லூரி முகாம்களில் வெயில் ஏறிவிடும், சமைத்தது சீக்கிரம் கெடும். ஆகவே மழைக்காலத்தில் தண்ணீர்த் தொட்டியிலும் வெயில் காலத்தில் கடிகாரத்திலும் கூடுதலாகக் கண் வையுங்கள். சாரணர் முகாம், தேசிய மாணவர் படை முகாம், மலையேற்றக் குழு எதுவானாலும் முறை இதுதான். அளவுகளை மட்டும் தலைக்கணக்கில் மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் ஆட்களை முடிவு செய்யுங்கள்

தண்ணீருக்கு ஒருவர், சாப்பாட்டுக்கு ஒருவர் என இரண்டு பொறுப்பாளர்கள் வேண்டும். திட்ட அலுவலரே இரண்டையும் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். அவர் பஞ்சாயத்துத் தலைவரைப் பார்க்கவும், விருந்தினரை வரவேற்கவும், பெற்றோரின் தொலைபேசிக்குப் பதில் சொல்லவும் ஓடிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில்தான் தொட்டியில் குளோரின் மருந்து கலக்க மறந்துபோகும்.

இந்த இருவருக்கும் ஒரு அதிகாரம் எழுத்திலேயே தரப்பட வேண்டும்: சந்தேகமானதைக் கொட்டிவிடச் சொல்லும் அதிகாரம். 60 பேர் பசியோடு வரிசையில் நிற்கும்போது ஒரு அண்டா சாம்பாரைக் கொட்டச் சொல்வது எளிதல்ல. முன்கூட்டியே அந்த உரிமை இல்லாவிட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். கொட்ட நேர்ந்தால் அரை மணியில் ஒப்பேற்ற 5 கிலோ ரவை, பருப்புப்பொடி, நல்லெண்ணெய், வாழைப்பழம் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். மாற்று இருந்தால் கொட்டும் கை நடுங்காது.

மூன்று வாரம் முன்பு: தண்ணீரை விசாரியுங்கள்

ஊருக்குப் போய் முதலில் பார்க்க வேண்டியவர் மேல்நிலைத் தொட்டியை இயக்குபவர். தொட்டி கடைசியாகக் கழுவிய தேதி, குளோரின் கலக்கும் நாட்கள், தண்ணீர் விடும் நேரம், மழை பெய்தால் கலங்கலாக வருமா என்ற நான்கையும் அவரிடம் கேளுங்கள். தொட்டியின் சுவரில் கழுவிய தேதி எழுதியிருப்பார்கள் என்றாலும் வாயால் கேட்பது நல்லது. பிறகு பள்ளியின் சொந்தத் தொட்டிக்கு மேலே ஏறிப் பாருங்கள். மூடி இல்லாத பிளாஸ்டிக் தொட்டியில் புறா எச்சமும் இலைக்குப்பையும் கிடப்பது அடிக்கடி காணும் காட்சி.

ஒரு மாதிரியை மாவட்டத்தில் உள்ள தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அறிக்கை வந்ததும் குடிநீருக்கான இந்திய தரநிலை 10500-இன் இந்த எண்களோடு ஒப்பிடுங்கள்: மலக்கழிவு கலந்ததைக் காட்டும் ஈ.கோலை கிருமி 100 மில்லி தண்ணீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. கலங்கல் 1 அலகுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லாவிட்டால் 5 வரை. கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மி.கி. வரை ஏற்கத்தக்கது, மாற்று ஆதாரமே இல்லையென்றால் 2000 வரை. நைட்ரேட் 45 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. ஃபுளோரைடு 1 மி.கி.க்குள், அதிகபட்சம் 1.5. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் முகாம் என்றால் ஃபுளோரைடைக் கட்டாயம் பாருங்கள். அங்கே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் குழாயையும் பழைய ஆழ்துளைக் கிணற்றுக் குழாயையும் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். காய்ச்சினால் ஃபுளோரைடும் நைட்ரேட்டும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும்.

ஆய்வகத்துக்கு அனுப்ப நேரமில்லை என்றால் பஞ்சாயத்தில் உள்ள களப்பரிசோதனைப் பெட்டியைக் கேளுங்கள். அதிலுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு குப்பியில் கோடு வரை தண்ணீர் நிரப்பி, வெதுவெதுப்பான இடத்தில் 24 முதல் 48 மணி நேரம் வைத்தால், மலக்கழிவு கலந்த தண்ணீர் கறுத்துவிடும். கறுக்காவிட்டாலும் குளோரின் கலப்பதை விட்டுவிடாதீர்கள். அந்தக் குப்பி சொல்வது மாதிரி எடுத்த அன்றைய நிலையை மட்டுமே.

20 லிட்டர் கேன் வாங்குவதாக இருந்தால் மூடியின் முத்திரை, ஐ.எஸ்.ஐ. குறி, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண், அடைத்த தேதி ஆகியவற்றைப் பாருங்கள். அடைத்து விற்கும் குடிநீருக்கான தரநிலை எண் 14543. முத்திரை இல்லாமல், மூடியைக் கையால் அழுத்தி மூடித் தரும் கேன் குழாய்த் தண்ணீரைவிட மேலானது என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை.

எவ்வளவு வேண்டும்? குளம் தூர்வாருவது, சாலையோரம் மரக்கன்று நடுவது என்று வெயிலில் உழைக்கும் பிள்ளைக்கு நாளொன்றுக்குக் குடிக்க மட்டும் 4 லிட்டர். 60 பேருக்கு 240 லிட்டர், அதாவது 12 கேன். சமையலுக்குக் குறைந்தது 200 லிட்டர். கை கழுவ, பாத்திரம் துலக்க, குளிக்க எல்லாம் சேர்த்தால் ஆளுக்கு 30 லிட்டராவது ஆகும். குடிநீரும் சமையல் நீரும் ஒரே தரத்தில் இருக்கட்டும். ஏன் என்பது மோர் பற்றிப் பேசும்போது புரியும்.

தொட்டியைக் கழுவுதல்

முகாம் தொடங்க இரண்டு நாள் முன்பு 1000 லிட்டர் தொட்டியை வடித்து, அடிச்சேற்றை வாரி, சோப்பில்லாமல் தூரிகையால் தேயுங்கள். மறுபடி நிரப்பி 200 கிராம் பிளீச்சிங் பவுடரின் தெளிந்த கரைசலை ஊற்றி இரவு முழுக்க விடுங்கள். லிட்டருக்கு ஏறக்குறைய 50 மி.கி. குளோரின் இருக்கும், யாரும் குடித்துவிடாமல் குழாய்களில் துணி கட்டி எழுதி வையுங்கள். அதே தண்ணீரை எல்லாக் குழாய் வழியாகவும் ஓடவிட்டால் குழாய்க்குள் படிந்த பாசியும் போகும். காலையில் முழுவதும் வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் பிடியுங்கள். வடித்த நீர் செடிகொடிக்கும் குளத்துக்கும் போகக் கூடாது.

குளோரின் கலக்கும் முறை

பிளீச்சிங் பவுடர் புதிதாக இருக்கும்போது அதில் 33 சதவீதம் வரை குளோரின் இருக்கும். திறந்து வைத்தால், ஈரம் பட்டால், வெயிலில் கிடந்தால் குறைந்துகொண்டே வரும். ஆகவே 25 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போடுவது பாதுகாப்பு. பள்ளியில் மூட்டை வாய் திறந்து ஒரு வருடமாகக் கிடக்கும், வாசனையே இல்லாத, கட்டி தட்டிய தூளைத் தண்ணீருக்குப் பயன்படுத்தாதீர்கள். அது சுண்ணாம்பாக மாறிவிட்டது. ஒரு கிலோ புதிதாக வாங்கி, இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் இருட்டான இடத்தில் வையுங்கள். மைதா, உப்பு, அரிசி மாவு இருக்கும் அறையில் வைக்கவே வேண்டாம்; அவசரத்தில் வெள்ளைத் தூளெல்லாம் ஒன்றுபோலத் தெரியும்.

1. மூக்கில் துணி கட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் வாளியில் 40 கிராம் தூளைச் சிறிது தண்ணீர் விட்டுக் கூழாகக் குழையுங்கள். உலோகப் பாத்திரம் ஆகாது, குளோரின் அரித்துவிடும்.

2. தண்ணீர் சேர்த்து மொத்தம் 1 லிட்டராக்கி, நன்றாகக் கலக்கி 10 நிமிடம் தெளியவிடுங்கள். அடியில் சுண்ணாம்பு தங்கும். மேலே தெளிந்ததை இருண்ட நிறப் புட்டியில் வடித்து, 'குடிக்காதே' என்று எழுதி ஒட்டுங்கள். இது ஏறக்குறைய 1 சதவீதக் கரைசல். இரண்டு நாளைக்கு ஒருமுறை புதிதாகத் தயாரிக்க வேண்டும்.

3. 1000 லிட்டர் தொட்டிக்கு 200 மில்லி, 20 லிட்டர் கேனுக்கு 4 மில்லி. ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்சு ஒன்று இருந்தால் கேனுக்கு அளப்பது எளிது. தொட்டி பாதி நிரம்பும்போது கரைசலை ஊற்றிவிட்டு மீதியை நிரப்பினால் தண்ணீரின் வேகமே கலக்கிவிடும்.

4. குழாயைத் திறக்காமல் முழுதாக 30 நிமிடம் விடுங்கள். இந்த அரை மணியில்தான் கிருமி சாகிறது. காலை 5 மணிக்குக் கலந்தால் 5.30-க்குக் காபிக்குத் தண்ணீர் பிடிக்கலாம்.

5. தண்ணீரில் மிஞ்சியிருக்கும் குளோரினை நிறத்தால் காட்டும் சிறு கருவியான குளோரோஸ்கோப்பில் சோதியுங்கள். கோடு வரை தண்ணீர், அதில் சொன்ன அளவு சொட்டு மருந்து, உடனே நிறத்தை ஒப்பிடுதல். லிட்டருக்குத் தொட்டியில் 0.5 மி.கி. மிச்சக் குளோரினும், பிள்ளைகள் குடிக்கும் கடைசிக் குழாயில் குறைந்தது 0.2 மி.கி.யும் இருக்க வேண்டும். நிறமே வரவில்லை என்றால் இன்னும் 100 மில்லி கரைசல் சேர்த்து, மறுபடி அரை மணி காத்து, மறுபடி சோதியுங்கள்.

மருந்து கலந்தும் மிச்சம் காட்டவில்லை என்றால் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: தூள் செத்துப்போயிருக்கும், தொட்டியில் சேறு இருக்கும், அல்லது தண்ணீர் கலங்கியிருக்கும். கலங்கலில் உள்ள மண்ணும் இலைச்சாறும் குளோரினைத் தாங்களே தின்றுவிடும், கிருமிக்கு மிஞ்சாது. அதனால் மழை பெய்த மறுநாள் முதலில் தெளியவைக்க வேண்டும். 200 லிட்டர் டிரம்முக்கு 5 கிராம் படிகாரத்தைத் தூளாக்கிக் கரைத்து ஊற்றி, முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் கிளறி, இரண்டு மணி நேரம் அசையாமல் விட்டு, மேல்தண்ணீரை வடியுங்கள். தேத்தாங்கொட்டையை உரைத்துவிடும் பழைய முறையும் இதே வேலையைத்தான் செய்கிறது. இரண்டுமே கலங்கலை அடியில் இறக்கும். கிருமியைக் கொல்லாது, குளோரின் அதற்குப் பிறகுதான். பழைய பருத்திப் புடவையை நான்கைந்து மடிப்பாக மடித்து வடிகட்டுவதும் வீண் வேலை அல்ல. வங்கதேசத்தின் மத்லாப் பகுதியில் நடந்த ஆய்வில், இப்படி வடிகட்டிய கிராமங்களில் காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. துவைத்துத் துவைத்து நூல் உப்பிய பழைய புடவையில்தான் துளை சிறுத்திருக்கும், புதியது அவ்வளவு பயன்படாது.

குளம், ஓடைத் தண்ணீருக்குக் குளோரினை மட்டும் நம்பக் கூடாது. கெட்டி உறைக்குள் இருக்கும் சில ஒட்டுண்ணிகள் குளோரினுக்கு அசையாது. அங்கே காய்ச்சுவதுதான் வழி.

காய்ச்சுவதில் நடக்கும் பெரிய தவறு

தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் போதும். உதகை, கொடைக்கானல் போல 2000 மீட்டருக்கு மேல் உள்ள இடங்களில் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிப்பதால் மூன்று நிமிடம். இதை யாரும் தவறாகச் செய்வதில்லை. தவறு அடுத்த கட்டத்தில் நடக்கும். 60 பேருக்கான வெந்நீர் ஆறுவதற்கு நேரமாகும், பிள்ளைகள் காத்திருப்பார்கள், யாரோ ஒருவர் அரை அண்டா பச்சைத் தண்ணீரை ஊற்றி விளாவிவிடுவார். சீரகம் போட்டிருப்பதால் நிறமும் மணமும் நன்றாக இருக்கும். பாதுகாப்பு அந்த நொடியோடு போய்விட்டது. குடிக்கும் வெந்நீரை விளாவக் கூடாது என்பதைச் சமையல்காரரிடம் தனியாக உட்கார்ந்து சொல்லுங்கள். இரவில் காய்ச்சி, மூடியபடி ஆறவைத்து, காலையில் கொடுங்கள்.

இதே கதைதான் மோரிலும். குடிநீரைக் கேனில் வாங்கிவிட்டு, மோரைக் குழாய்த் தண்ணீரில் கரைப்பார்கள். தேங்காய்ச் சட்னியை அரைக்கும் தண்ணீர், எலுமிச்சைச் சாறில் ஊற்றும் தண்ணீர், வெள்ளரிக்காய் கழுவும் தண்ணீர் எதுவும் அடுப்பைப் பார்ப்பதில்லை. அடுப்பில் ஏறாத எதிலும் குடிநீரைத் தவிர வேறு நீர் சேரக் கூடாது. வெளியிலிருந்து வாங்கும் ஐஸ் கட்டி முகாமுக்குள்ளேயே வேண்டாம்; மீனுக்கு உடைத்த கட்டியா குடிக்க ஏற்றதா என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது.

பானையிலிருந்து வாய்க்கு

நல்ல தண்ணீர் கெடுவது பெரும்பாலும் எடுக்கும் கையால். டம்ளரை முக்கி எடுக்கும் பானையில் முதல் பத்துப் பேருக்குப் பிறகு கிருமி இல்லாமல் இருக்காது. குழாய் வைத்த மண்பானை அல்லது குழாய் வைத்த எவர்சில்வர் டிரம் வையுங்கள். தினமும் இரவில் கவிழ்த்துக் கழுவுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் பெயர் எழுதிய சொந்தப் புட்டி, சொந்த டம்ளர், சொந்தத் தட்டு கொண்டுவர வேண்டும் என்று முகாம் அறிவிப்பிலேயே போட்டுவிடுங்கள். குளோரின் வாசனை பிடிக்காமல் பிள்ளைகள் பக்கத்து அடிபம்புக்குப் போய்விடுவதும் உண்டு. அதைத் திட்டித் தடுக்க முடியாது. முந்தைய நாள் இரவே மருந்து கலந்து பானையில் ஊற்றி வைத்தால் வாசனை தணிந்துவிடும், குடிப்பார்கள். மிச்சக் குளோரின் 0.2-க்குக் கீழே இறங்காமல் மட்டும் பாருங்கள்.

கை கழுவ, கழிப்பறை வாசலிலும் சாப்பாட்டு வரிசையின் தொடக்கத்திலும் இடம் வேண்டும். குழாய் இல்லாவிட்டால் 5 லிட்டர் எண்ணெய் டப்பாவின் கழுத்தருகே துளையிட்டு, குச்சியில் தொங்கவிட்டு, கால் மிதிக்கும் கயிறு கட்டுங்கள். சோப்பை வலைப்பையில் போட்டுப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். 20 நொடி தேய்க்க வேண்டும். மண்வெட்டி பிடித்த கையில் கிருமிநாசினி ஜெல் தடவுவதால் பலன் குறைவு. அழுக்கின் மேல் அது வேலை செய்யாது. தற்காலிகக் கழிப்பறைக் குழி தோண்டினால் கிணற்றுக்கும் அடிபம்புக்கும் குறைந்தது 30 மீட்டர் தள்ளி, தாழ்வான பக்கத்தில் தோண்டுங்கள்.

சமையல்காரர், சமையலிடம், பாத்திரம்

சமையல்காரரிடம் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் இருக்கிறதா, ஓராண்டுக்குள் எடுத்த மருத்துவத் தகுதிச் சான்று இருக்கிறதா, டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். இது அவரைச் சந்தேகிப்பதாகாது. உணவுப் பாதுகாப்பு விதிகளே கேட்பவைதான். தினமும் காலையில் பொறுப்பாளர் அவரிடமும் உதவியாட்களிடமும் கேட்க வேண்டியவை: வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல், கண் மஞ்சள், கையில் சீழ்ப்புண். ஒன்று இருந்தாலும் அன்று சமையல் பக்கம் வரக் கூடாது. வயிற்றுப்போக்கு நின்று 48 மணி நேரம் ஆன பிறகே வரலாம். கூலி பிடிக்க மாட்டோம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். நாள் கூலி போய்விடும் என்ற பயம் இருந்தால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள்.

வாடகைப் பாத்திரத்தில் பித்தளை அண்டா வந்தால் உள்ளே பாருங்கள். ஈயப்பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரிந்தால் புளிக்குழம்பு, ரசம், தயிர், மோர் எதையும் அதில் வைக்கக் கூடாது. புளிப்பு தாமிரத்தைக் கரைத்து இழுக்கும்; பச்சைக் களிம்பு, கைப்புச் சுவை, சாப்பிட்ட சற்று நேரத்தில் கூட்டமாக வாந்தி. எவர்சில்வர் கேட்டு வாங்குங்கள். அண்டாவுக்கு ஒரு மூடி எண்ணி வாங்குங்கள், மூடி இல்லாத பாத்திரம் வேண்டாம். கொட்டகையில் பல்லி இருக்கத்தான் செய்யும். பல்லிக்கு விஷம் கிடையாது. ஆனால் அதன் குடலில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். விழுந்துவிட்டால் எடுத்துப் போட்டுவிட்டுப் பரிமாறலாம் என்ற பேச்சே வேண்டாம், மொத்தமாகக் கொட்டுங்கள்.

சரக்கு வைக்கும் அறையில் பூச்சிமருந்து, உரம், பினாயில் ஒன்றும் இருக்கக் கூடாது. 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில், தர்மசதி கண்டாமன் கிராமப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் பூச்சிமருந்து கலந்திருந்தது. எண்ணெயை முத்திரை உடையாத டின்னாகவே வாங்குங்கள். வேறு எதுவோ இருந்த கேனில் ஊற்றி வைக்காதீர்கள். சமைப்பவர் 'வாசனை வேற மாதிரி இருக்கு' என்று சொன்னால் அன்றைய சமையல் அங்கேயே நிற்க வேண்டும். ஒவ்வொரு வேளையும் பிள்ளைகளுக்கு அரை மணி முன்பு ஒரு ஆசிரியர் சாப்பிட்டுப் பார்க்கும் சத்துணவு நடைமுறையை முகாமிலும் விடாமல் பின்பற்றுங்கள்.

சமைத்ததற்கும் சாப்பிடுவதற்கும் நடுவில்

முகாம்களில் கூட்டமாக வயிறு கெடுவதற்கு இந்த இடைவெளிதான் முக்கியக் காரணம். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமிகள் பெருகும் வெப்பம். நம் பகல் வெப்பமே அதன் நடுவில் இருக்கிறது. 60 டிகிரிக்குக் கீழே இறங்கிய சாப்பாடு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெளியே 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம். ஊசிமுனை உணவு வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள். ஒரு வேளை மளிகைச் செலவில் சிறு பகுதிதான் ஆகும்.

சோற்றில் இருக்கும் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் அரிசியிலேயே வருபவை. கொதிக்கும் உலையில் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. சாப்பிட்ட 1 முதல் 6 மணி நேரத்தில் வாந்தி. கையிலும் மூக்கிலும் இருக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமியின் நஞ்சும் அப்படித்தான், சூட்டுக்கு அசையாது. பெரிய அண்டாவில் மெல்ல ஆறும் குருமாவிலும் கறிக்குழம்பிலும் வளர்வது கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரின்ஜன்ஸ். 6 முதல் 24 மணி நேரத்தில் வயிற்றுவலியும் பேதியும் தரும். 'மறுபடி நல்லா கொதிக்க வச்சுட்டா சரியாயிடும்' என்ற நம்பிக்கை முதல் இரண்டிலும் பொய்த்துப்போகும்.

ஆகவே மதியம் 1 மணிச் சாப்பாட்டுக்கு நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். 60 பேருக்கு ஆளுக்கு 130 கிராம் வீதம் சுமார் 8 கிலோ அரிசி. அதில் 5 கிலோவை 12.15-க்கு வடியுங்கள். மீதி 3 கிலோவைப் பந்தி தொடங்கும்போது உலையில் போடுங்கள். சாம்பார் 12.30-க்கு இறங்கட்டும். 2 மணிக்கு எல்லோரும் சாப்பிட்டு முடித்திருக்க வேண்டும். காலைச் சமையல் அடுப்பு அணையும் முன்பே மதியத்துக்கும் சேர்த்து 9 மணிக்கு முடித்துவிடலாம் என்று சமையல்காரர் சொல்வார். விறகு மிச்சம் என்பது அவர் நியாயம். ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மிஞ்சியது மிஞ்சியதுதான், இரவுக்கு வராது. வீட்டுப் பழைய சோறு வேறு விஷயம். நல்ல தண்ணீர் ஊற்றி, ஒரே பானையில், புளித்துப் பக்குவமாகும் உணவு அது. இருபது கை பட்ட பந்திச் சோற்றில் முகாம் தண்ணீரை ஊற்றி வைப்பது அதுவாகாது. அளவாகச் சமைப்பதே நல்லது. காலையில் தலைகளை எண்ணிவிட்டு அரிசி அளந்து கொடுங்கள்.

வேலைத் தளத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் சாப்பாட்டில்தான் தேர்வு கூர்மையாக இருக்க வேண்டும். புளியோதரை நல்லது, புளிப்பும் எண்ணெயும் துணை நிற்கும், சோற்றை அகலமான தாம்பாளத்தில் பரப்பி ஆவி போனபின் கட்டினால் இன்னும் நல்லது. சூடாகவே பொட்டலம் கட்டினால் நடுவில் பல மணி நேரம் வெதுவெதுப்பு நிற்கும். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் பரவாயில்லை. தேங்காய்ச் சாதம், தேங்காய்ச் சட்னி, உருளைக்கிழங்கு மசால் வேண்டாம். தயிர்ச் சாதம் புளிக்காமல் இருக்கப் பாலை நிறைய ஊற்றி ஒரு கரண்டி மட்டும் தயிர் விடும் வழக்கம் பயணத்தில் உண்டு. முகாமுக்கு அது ஆகவே ஆகாது, புளிப்பு தரும் காப்பை எடுத்துவிட்டு வெதுவெதுப்பான பாலில் சோற்றை ஊறவைப்பது அது. தயிரைத் தனியாகக் கொண்டுபோய் அங்கே கலந்து கொடுங்கள்.

முட்டையை முழுதாக வேகவைத்து ஓட்டோடு கொடுங்கள், அவரவர் உரித்துக்கொள்ளட்டும். ஒருவர் உட்கார்ந்து 60 முட்டையை உரித்தால் அவர் கையில் உள்ளது 60 முட்டைக்கும் போகும். பச்சை முட்டையில் செய்த மயோனைஸ் எந்த வடிவிலும் முகாமுக்குள் வரக் கூடாது. 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழ்நாடு அரசே அதைத் தடை செய்தது. கோழிக்கறி வேண்டுமென்றால் ஏழு நாளில் ஒரே ஒரு மதியம். காலையில் வாங்கி, இரண்டு மணி நேரத்துக்குள் அடுப்பில் ஏற்றி, எலும்போரம் சிவப்பு இல்லாமல், உள்ளே 75 டிகிரி வரும்வரை வேகவிடுங்கள். கறி நறுக்கிய அரிவாள்மணையும் பலகையும் காய்கறிக்கு வராது.

துலக்குவது

மூன்று வாளி. முதலில் சோப்புத் தண்ணீர், அடுத்து அலசும் தண்ணீர், மூன்றாவதில் 20 லிட்டருக்கு மேலே சொன்ன 1 சதவீதக் கரைசல் 100 மில்லி. தட்டை அதில் இரண்டு நிமிடம் முக்கி, துடைக்காமல் வெயிலில் கவிழ்த்து உலர்த்துங்கள். பாத்திரத் துணிதான் எல்லாக் கிருமியையும் எல்லாத் தட்டுக்கும் கொண்டுபோகும் வண்டி. பச்சையாகச் சாப்பிடும் காய், கனிகளையும் மண் போகக் கழுவியபின் இதே அளவுக் கரைசலில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, குடிநீரில் அலசலாம். கழிப்பறை அமிலத்தோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் நச்சுவாயு வரும். இரண்டையும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் கொடுக்காதீர்கள்.

முகாமில் முதல் நாள் கூட்டத்திலேயே பிள்ளைகளுக்கு நச்சுச் செடிகளைக் காட்டிவிடுங்கள். காட்டாமணக்கு விதை நிலக்கடலைபோல ருசிக்கும். தின்றால் கடும் வாந்தி. குன்றிமணி, ஊமத்தை, அரளி எதையும் வாயில் வைக்கக் கூடாது. அரளிக் குச்சியால் கிளறவோ அடுப்பெரிக்கவோ கூடாது. எந்தப் பிள்ளைக்கு இறால், நிலக்கடலை, கத்திரிக்காய் ஒவ்வாது என்பது பெற்றோர் ஒப்புதல் படிவத்திலேயே வரட்டும். பட்டியல் சமையலிடத்தில் தொங்கட்டும்.

யாருக்காவது முடியாமல் போனால்

ஒவ்வொரு வேளையும் பரிமாறும் முன் ஒவ்வொரு பதார்த்தத்திலும் 100 கிராம் எடுத்து, சுடுநீரில் கழுவிய டப்பாவில் தேதி, வேளை எழுதி, 72 மணி நேரம் குளிரில் வையுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அருகில் உள்ள கடையிலோ குளிர்பதனப் பெட்டியில் இடம் கேட்டால் கொடுப்பார்கள்.

ஒருவருக்கு வாந்தி பேதி என்றால் ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். பொட்டலத்தில் 1 லிட்டருக்கா 200 மில்லிக்கா என்று படித்துவிட்டுக் கரையுங்கள். பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்தால் பேதி கூடும். கரைத்ததை 24 மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும். பொட்டலம் இல்லையென்றால் 1 லிட்டர் குடிநீரில் மட்டமாகத் தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. காகிதப் பெட்டியில் வரும் பழச்சுவைப் பானங்களை அதற்குப் பதிலாகக் கொடுக்காதீர்கள், சர்க்கரை அதிகம். மலத்தில் ரத்தம், குடித்தது எதுவும் நிற்காமை, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, கடும் காய்ச்சல், பார்வை மங்கல், மயக்கம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழையுங்கள்.

இரண்டாவது பிள்ளைக்கும் அதே அறிகுறி வந்தால் அடுத்த வேளைச் சாப்பாட்டை நிறுத்துங்கள். தண்ணீரைக் கேனுக்கு மாற்றுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடனே சொல்லுங்கள். யார், எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டார், என்ன சாப்பிடவில்லை என்று எல்லோரிடமும், நலமாக இருப்பவரிடமும் கேட்டு எழுதுங்கள். எந்த உணவு காரணம் என்பதை அந்தப் பட்டியலிலிருந்துதான் கண்டுபிடிக்க முடியும். பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் இன்னொரு பிள்ளையைப் படுக்கையில் தள்ளும்.

முகாம் முடிந்த பிறகு

ஏழாம் நாள் எல்லோரும் நலமாக வீடு திரும்பினாலும் பதிவேட்டை மூடிவிடாதீர்கள். டைபாய்டு வெளிப்பட 6 முதல் 30 நாள் ஆகும். மஞ்சள் காமாலையைத் தரும் ஹெப்படைடிஸ் ஏ 15 முதல் 50 நாள் வரை எடுத்துக்கொள்ளும். பிள்ளை வகுப்பில் சோர்ந்து உட்கார்ந்திருப்பது ஒன்றரை மாதம் முன்பு குடித்த மோரினால் என்று பெற்றோருக்கோ மருத்துவருக்கோ தோன்றாது. வழியனுப்பும் அன்றே பெற்றோருக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுங்கள்: முகாம் நடந்த ஊர், தேதி, 'இரண்டு மாதத்துக்குள் விடாத காய்ச்சலோ கண் மஞ்சளோ வந்தால் மருத்துவரிடம் இதைக் காட்டுங்கள், எங்களிடமும் சொல்லுங்கள்' என்ற வரி. தினசரிச் சமையல் பட்டியல், குளோரின் அளவுக் குறிப்பு, வருகைப் பதிவு, சமையலில் இருந்தவர்களின் பெயர்கள் ஆகிய நான்கையும் ஒரே உறையில் போட்டு, குறைந்தது 60 நாள் பொறுப்பாளரின் மேசையில் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.